ஒண்ணுமில்ல இருக்கா

ஒன்பதாவது மூட்டையும் அந்த ஆளின் முதுகில் ஏறியபோது அலுவலகமே விழுந்து விழுந்து சிரித்தது. அவள் ஒருத்திதான் சிரிக்கவில்லை. மணி பத்தேகால். மூன்று மணிக்கு அண்ணன் வருகிறான்.

திரையில் இருந்தது ஒரு சரக்குக் கிடங்கு. பின்கதவு திறந்த லாரி ஒன்று நிற்கும். சுமைக்காரர்கள் வரிசையாக வந்து மூட்டை வாங்கி உள்ளே கொண்டுபோய் அடுக்க வேண்டும். லாரியோரம் நிற்கும் மேஸ்திரி, பக்கத்தில் சும்மா இருக்கிற ஆளாகப் பார்த்துக் கூப்பிட்டு மூட்டை ஏற்றிவிட வேண்டும். இவ்வளவுதான் ஆட்டம். இந்த மேஸ்திரியோ, முதல் மூட்டையோடு நாலடி வைத்தவனையே திரும்பக் கூப்பிட்டு இரண்டாவதை ஏற்றினான். பிறகு மூன்றாவது. ஒன்பது மூட்டையும் கோபுரமாக ஆட, அந்த ஆள் இடது காலை வெளிப்பக்கமாக வீசி வீசி நடந்தான். பத்தாவது ஏறியதும் இடுப்பளவுக்குத் தரைக்குள் புதைந்தான். அப்போதும் கால் நடந்துகொண்டேதான் இருந்தது.

அந்த இடது கால் அண்ணனுடையது.

இரண்டு மாதம் முன்பு இதே அறையில் நாற்காலிகளை ஓரங்கட்டி, அண்ணனை மூட்டையோடு நடக்கவிட்டுப் படம்பிடித்தார்கள். திரையில் நடக்கிற அத்தனை சுமைக்காரனும் அந்த ஒரே நடையைத்தான் நடக்கிறான். படம்பிடித்து முடிந்து படியிறங்கும்போது அண்ணன் ஒன்றே ஒன்றுதான் கேட்டான். "பாப்பா, என்னைக் கோமாளி ஆக்கிடமாட்டீங்களே?" ஆக்கமாட்டோம் என்று அவள் வாக்குக் கொடுத்திருந்தாள். இன்று ஆட்டத்தைப் பார்க்கத்தான் வருகிறான். அவள் பொறுப்பில்தானே மூட்டைகள் இருந்தன.

அலுவலகத்தில் அவளுக்குப் பெயர் சுவிட்சு. புதிதாக வருகிறவர்களுக்கெல்லாம் கம்ப்யூட்டர் கோடு எப்படி இயங்குகிறது என்று சுவரிலிருக்கும் சுவிட்சுப் பலகையைக் காட்டித்தான் விளக்குவாள் என்பதால் ஒட்டிக்கொண்ட பெயர். அப்பா சுமைக்காரர், அண்ணன் சுமைக்காரன். அவளும் பதினெட்டு வயதுவரை கிடங்கு வாசலில் கோணி ஊசியால் மூட்டை வாய் தைத்தவள்தான். வலது கட்டைவிரலில் ஊசித் தழும்பு இன்னும் இருக்கிறது. அதனால் மூட்டை வேலை அவளுக்கு என்று முதலாளி முதல் நாளே ஒதுக்கிவிட்டார். மேஸ்திரிக்குக் கோடு எழுதுவது பக்கத்து இருக்கைக் கண்ணாடிக்காரன்.

"அக்கா, உங்க மூட்டையக் கொஞ்சம் கட்டி வைங்க. கூப்பிட்டவன் முதுகுல எல்லாம் ஏறுது" என்றான் கண்ணாடிக்காரன். அவளைவிட நான்கு வயது மூத்தவன், இரண்டு பிள்ளைக்குத் தகப்பன். இருந்தும் அவளை அக்கா என்றுதான் கூப்பிடுவான். தன் வயதை யாரும் கணக்கிடாமல் இருக்கட்டும் என்ற ஆசை.

"மூட்டை தானா ஏறுமா? உன் மேஸ்திரி ஏத்துறான், அது ஏறுது."

"மேஸ்திரி ஆள் சும்மா இருக்கானான்னு கேட்டுட்டுத்தான் ஏத்துறான். நான் எழுதினது எனக்குத் தெரியாதா?"

"கேக்குறவன் ஒம்பது மூட்டையோட நிக்கிறவனப் பாத்து சும்மா இருக்கான்னா நினைப்பான்?"

"அதான் சொல்றேன். மூட்டை ஏறினதும் சுமைன்னு குறிக்கிறது உங்க வேலை. நீங்க குறிக்கல."

குறித்திருந்தாள். அதை மூன்று வாரமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறாள். ஒவ்வொரு ஆளுக்கும் ஓர் எண் உண்டு. அந்த எண்ணுக்குள் வரிசையாகச் சுவிட்சுகள் இருப்பதாக நினைத்துக்கொள்ள வேண்டும். முதல் சுவிட்சு களைப்பு, அதன் மதிப்பு ஒன்று. தாகம் இரண்டு. காயம் நான்கு. சுமை எட்டு. நனைந்தது பதினாறு. இரட்டித்துக்கொண்டே போகும். களைத்துப்போய் மூட்டையோடு நிற்கிறவன் ஒன்றும் எட்டும் சேர்ந்து ஒன்பது. ஒன்பது என்று பார்த்தாலே எந்த இரண்டு சுவிட்சு போட்டிருக்கிறது என்று சொல்லிவிடலாம், வேறெந்தச் சேர்க்கையும் ஒன்பது ஆகாது. எல்லாம் அணைந்திருந்தால் பூஜ்யம். இந்தச் சுவிட்சுகளுக்கெல்லாம் பெயர் வைத்த பட்டியல் கண்ணாடிக்காரன் எழுதியது. கோடு எழுதுவது ஆங்கில எழுத்தில்தான் என்றாலும் பெயர்களைத் தமிழில் வைப்பது அவன் பெருமை. களைப்பு, தாகம், காயம், சுமை என்று அச்சுப்போல எழுதியிருந்தான். பூஜ்யத்துக்கு அவன் வைத்த பெயர் ஒண்ணுமில்ல.

அவள் மேஸ்திரிக்கான கோடு வரிகளைத் திறந்தாள். பாதி வரிகூட இறங்கவில்லை, முதலாளி வந்து நின்றார்.

"சுவிட்சு, கையில ஒண்ணுமில்லன்னா அந்த லாரி ஹாரனக் கொஞ்சம் பாரேன். ஆட்டுக்குட்டி கத்துற மாதிரி இருக்கு."

"கையில இருக்கு சார். இந்த மூட்டை..."

"அதுக்கென்ன இப்ப அவசரம்? அது நல்லாத்தான இருக்கு."

ஹாரனைப் பார்த்தாள். அடுத்த கால்மணி நேரத்தில் மறுபடி வந்தார். திரையின் ஓரத்தில் பெயர் எழுத்து சின்னதாக இருக்கிறதாம். அதைப் பெரிதாக்கினாள். அதற்கப்புறம் ஓவியர் வந்து, கோணியின் நிறம் நேற்று இருந்த மாதிரியே வேண்டும் என்று நின்றார். நேற்றைக்கு முன்தினம் அந்த நிறத்தைக் கண்டாலே குமட்டுகிறது என்றவர் அவர்தான். மேலே மின்விசிறி கடகடவென்று அடித்துக்கொண்டிருந்தது. அதை இரண்டில் வைத்தால் காற்று வராது, மூன்றில் வைத்தால் காது கிழியும். அவள் பல்லைக் கடித்துக்கொண்டு நிறத்தை மாற்றினாள். மணி பதினொன்றே முக்கால்.

பன்னிரண்டு மணி வாக்கில்தான் அந்த வரி கண்ணில் பட்டது. கண்ணாடிக்காரன் தானே ஒரு கேள்விக்காரனைச் செய்து அதற்கு 'இருக்கா' என்று பெயர் வைத்திருந்தான். ஆளையும் சுவிட்சின் பெயரையும் கொடுத்தால், அந்தச் சுவிட்சு போட்டிருக்கிறதா என்று பார்த்து ஆமாம், இல்லை என்று சொல்லும். ஆளிடம் இருக்கா, காயம். ஆளிடம் இருக்கா, தாகம். எல்லாம் ஒழுங்காகத்தான் இருந்தது. மேஸ்திரி மூட்டை ஏற்றுவதற்கு முன் கேட்கிற கேள்வியை அவள் வாய்விட்டுப் படித்தாள்.

"ஆள்கிட்ட இருக்கா. ஒண்ணுமில்ல."

"பாத்தீங்களா?" என்றான் கண்ணாடிக்காரன். "ஏதாவது இருக்கான்னு கேக்குறான். ஒண்ணுமில்ல. அப்புறம்தான் ஏத்துறான். இதுல என்ன தப்பு?"

அவளுக்கு ஒரு கணம் சரியாகத்தான் பட்டது. அதுதான் கொடுமை. மூன்று வாரமாக இரண்டு பேரும் இந்த வரியைத் தமிழாகப் படித்திருக்கிறார்கள். கேள்வியும் பதிலும் போல அழகாகக் காதில் விழுந்திருக்கிறது. மிஷினுக்கு அங்கே பதில் கிடையாது, முழுதும் கேள்வி.

"கண்ணாடி, இது பதில் இல்ல. 'ஒண்ணுமில்ல' இருக்கான்னு கேக்குது."

"அதத்தான நானும் சொல்றேன்."

"நீ சொல்றது வேற. 'இருக்கா' என்ன பண்ணுது? நீ பேரு சொன்ன சுவிட்ச எல்லாம் ஒண்ணொண்ணாப் பாத்து, எல்லாம் போட்டிருந்தா ஆமாங்குது. 'ஒண்ணுமில்ல'ல எத்தன சுவிட்சு இருக்கு?"

"ஒண்ணுமில்ல."

"பாக்குறதுக்கு ஒரு சுவிட்சும் இல்ல. அப்ப எத வெச்சு இல்லன்னு சொல்லும்? யாரக் காட்டினாலும் ஆமாதான். செத்தவனக் காட்டினாலும் ஆமாதான்."

கண்ணாடிக்காரன் கண்ணாடியைக் கழற்றிச் சட்டையில் துடைத்தான். துடைக்கிற சாக்கில் நேரம் கடத்துவது அவன் வழக்கம்.

"படிக்கும்போது நல்லாத்தான்க்கா இருந்துச்சு" என்றான் கடைசியில்.

"நல்லா இருந்துச்சுன்னுதான் மூணு வாரம் என் உயிர வாங்கின."

அந்த வரியை அடித்துவிட்டு, ஆளின் எண் பூஜ்யமாக இருந்தால் மட்டும் ஏற்று என்று எழுதினாள். அரை நிமிட வேலை. ஓடவிட்டாள். முதல் சுற்றில் ஆளுக்கொரு மூட்டை. அவளுக்கு உயிர் வந்தது. இரண்டாவது சுற்றில் மூட்டையை இறக்கிவிட்டு வந்தவர்கள் லாரியருகே நின்றார்கள். மேஸ்திரி யாரையும் கூப்பிடவில்லை. நின்றவர்கள் உட்கார்ந்தார்கள். கிடங்கு முழுக்க ஆட்கள் உட்கார்ந்திருக்க, லாரி ஹாரன் மட்டும் அடித்துக்கொண்டிருந்தது. ஆட்டுக்குட்டிச் சத்தம் போயிருந்தது என்பதுதான் அன்றைய லாபம்.

"என்னம்மா இது, வேலைநிறுத்தமா?" என்றார் முதலாளி.

ஒவ்வொரு ஆளின் எண்ணையும் பார்த்தாள். இரண்டு. இரண்டு. மூன்று. இரண்டு. அத்தனை பேருக்கும் தாகம். ஒரு சுற்று நடந்தவுடனே தாகம் சுவிட்சு போட்டுக்கொள்கிறது. தண்ணீர் குடித்தால்தான் அது அணையும். கிடங்கில் தண்ணீர்த் தொட்டி எங்கே என்று தேடினாள். தொட்டி இல்லை.

"தொட்டி அடுத்த வாரம்னுதான சொன்னீங்க" என்றார் ஓவியர், திரும்பிக்கூடப் பார்க்காமல்.

முதலாளி நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "காலையில ஒருத்தன் ஒம்பது மூட்டை தூக்கினான். இப்ப ஒம்பது பேர் இருந்தும் ஒரு மூட்டை நகரல. இதுக்குப் பேரு ரிப்பேரா?"

"சார், ஒரு மணி நேரம் குடுங்க. எது எது இருந்தா ஏத்தக் கூடாதுன்னு தனியாச் சொல்லணும். சுமை இருந்தா கூடாது, காயம் இருந்தா கூடாது. களைப்பும் தாகமும் இருந்தா போகட்டும்."

"வேணாம். பழசையே போடு."

"எத?"

"ஒம்பது மூட்டைய. அந்தத் துண்டுப் படத்தக் கேம் கண்காட்சிக்காரங்களுக்கு நேத்தே அனுப்பிட்டேன். நாலு தடவ போட்டுப் பாத்துச் சிரிச்சாங்களாம். அஞ்சு மணிக்கு ஆட்டம் அங்க போகணும். அதுல இது இருக்கணும். சிரிக்க வெக்கிறது சும்மா கிடைக்குமா? நீ காசு குடுத்து எழுதச் சொன்னாலும் வராது."

"சார், அது என் அண்ணன் நடை."

"உங்க அண்ணன் பேர் எங்கயாவது போட்டிருக்கா? மூஞ்சி அவரோடதா? காலு. காலப் பாத்து எவன் கண்டுபிடிக்கப் போறான்?"

அவள் அம்மா கண்டுபிடிப்பாள். அண்ணி கண்டுபிடிப்பாள். கிடங்கில் இருக்கும் நாற்பது பேரும், தூரத்தில் வரும்போதே அந்தக் காலைப் பார்த்துத்தான் அவன் பெயரைக் கூப்பிடுகிறார்கள். இதையெல்லாம் இவரிடம் சொல்லி என்ன புண்ணியம் என்று தோன்றியது. தன் இடத்துக்குப் போய் எழுத ஆரம்பித்தாள். பழசைப் போடச் சொன்னது காதில் விழாத மாதிரி.

அதிலும் ஒரு சிக்கல். சுமை, காயம் இரண்டையும் சேர்த்து 'இருக்கா'விடம் கொடுத்தால், இரண்டும் இருப்பவனுக்குத்தான் அது ஆமாம் சொல்லும். மூட்டை மட்டும் சுமப்பவன் தப்பித்து மறுபடி மூட்டை வாங்குவான். ஆகவே 'ஏதாவது இருக்கா' என்று இன்னொரு கேள்விக்காரனை எழுதினாள். சாப்பாட்டுப் பாத்திரம் திறக்காமலே கிடந்தது. இரண்டரை மணி. இன்னும் பத்து நிமிடம் இருந்தால் முடித்துவிடலாம்.

வாசலில் செருப்பைக் கழற்றும் சத்தம் கேட்டது.

"மூணு மணின்னு சொன்னனே அண்ணே."

"மேஸ்திரி சீக்கிரம் விட்டுட்டான். கீழ நின்னு என்ன பண்றது, வந்துட்டேன்." மூன்று மாடி ஏறியிருந்தும் மூச்சு வாங்கவில்லை. துவைத்த சட்டை போட்டிருந்தான். முதலாளி எழுந்து வந்து கையைப் பிடித்தார். உட்காரச் சொன்னார். சக்கர நாற்காலியில் அண்ணன் உட்கார, அது பின்னால் ஓடியது. எழுந்து சுவரோரம் நின்றுகொண்டான்.

"நம்ம ஹீரோவே வந்துட்டாரு. வாங்க, உங்களக் காட்டுறேன்" என்று முதலாளி தன் பெரிய திரையைத் திருப்பினார்.

"சார், அது பழசு. என்னோடதுல காட்டுறேன், பத்து நிமிஷம்..."

அதற்குள் ஓடவிட்டாயிற்று.

ஒரு மூட்டை. அண்ணன் முகம் மலர்ந்தது. தன் நடையைப் பார்த்துத் தானே தலையாட்டினான். இரண்டு மூட்டை. மூன்று. மலர்ந்த முகம் அப்படியே நின்றது. ஆறாவது மூட்டையில் கண்ணாடிக்காரன் தரையைப் பார்த்தான். ஒன்பதாவதில் முதலாளி மட்டும் சிரித்தார். பத்தாவதில் ஆள் புதைந்தான்.

"எப்படி?" என்றார் முதலாளி.

அண்ணன் திரையருகே போய் விரலால் தொடாமல் சுட்டினான். "நடை என்னோடது. மூட்டை யாரோடது?"

"சும்மா தமாசுண்ணே."

"எங்க ஆளுங்க நடுவுலயும் தமாசு உண்டு. பக்கத்துல நிக்கிறவன் வேட்டிய அவுப்போம். முதுகுல மூட்டை இருக்கும்போது எவனும் தொடமாட்டான்." குரலை உயர்த்தவில்லை. தங்கையைப் பார்த்தான். அவளுக்கு அந்தப் பார்வைக்குப் பதிலாக நாலு அறை வாங்கியிருக்கலாம் போல இருந்தது.

"அண்ணே, அது தப்பா வந்தது. சரி பண்ணிட்டிருக்கேன்."

"சரி பண்றது உங்க சௌகரியம். என் நடைய எடுத்துடுங்க. வேற யாரையாவது நடக்கவெச்சு, ஒம்பதோ தொண்ணூறோ ஏத்திக்குங்க."

"இப்ப எப்படிண்ணே எடுக்கிறது? அஞ்சு மணிக்கு அனுப்பணும்" என்றார் முதலாளி. பிறகு அவளிடம், "நீ சொல்லும்மா. உங்க அண்ணன்தான."

அண்ணன் பக்கம் பேசினால் முதலாளிக்குப் பிடிக்காது. முதலாளி பக்கம் பேசினால் ஆயுசுக்கும் வீட்டுக்குள் நுழைய முடியாது. அவளுக்குத் தெரிந்த ஒரு காரியத்தைச் செய்தாள். முதலாளியின் திரை முன் குனிந்து, நடையை அணைத்துவிட்டு ஆட்டத்தை மறுபடி ஓடவிட்டாள்.

கை கால் அசையாத ஆட்கள், மரக்கட்டையாக விறைத்து, எண்ணெய் ஊற்றிய தரையில் தள்ளிவிட்டது போல வழுக்கிக்கொண்டு வந்தார்கள். மூட்டைகள் ஏறின. ஒன்பது மூட்டையோடு ஒரு மரக்கட்டை அந்தப்பக்கம் வழுக்கிப் போயிற்று. யாருக்கும் சிரிப்பு வரவில்லை.

"பொணம் மாதிரி போகுதே" என்றார் ஓவியர்.

முதலாளி ஒரு முழு நிமிடம் பார்த்தார். சிரிப்பு மூட்டையில் இல்லை, காலில் இருந்தது என்று அவருக்கு அப்போதுதான் உறைத்திருக்க வேண்டும். முகத்தை இரண்டு கையாலும் தேய்த்துக்கொண்டார்.

"சரி, எழுதித் தொலை. ஆளுக்கு ஒரு மூட்டை. அஞ்சுக்கு ஒரு நிமிஷம் தாண்டக் கூடாது."

ஆளுக்கு ஒன்று என்றால் நடை இருக்கட்டும் என்று அண்ணன் தலையசைத்தான். அவள் பாய்ந்துபோய் உட்கார்ந்தாள். அண்ணன் பின்னால் வந்து நின்றான். அவன் பார்த்துக்கொண்டிருக்க எழுதுவது, கோணி ஊசி பிடித்த காலத்தில் கங்காணி பின்னால் நிற்பதைப் போல இருந்தது.

"என்ன எழுதுற?"

"சுமை இருந்தா மூட்டை குடுக்காத, காயம் இருந்தா மூட்டை குடுக்காதன்னு மேஸ்திரிக்குச் சொல்றேன்."

"காயம் இருந்தா குடுக்கமாட்டானா?"

"மாட்டான்."

"எந்த ஊர் மேஸ்திரி இவன்?"

அவள் தலையில் கை வைத்துக்கொண்டாள். "அண்ணே, இது கேம். கொஞ்சம் நல்லவனா இருந்துட்டுப் போகட்டுமே."

"நல்லவன்னு சொல்லாத. காயம் பட்டவனுக்கு மூட்டை இல்லன்னா அவன் அன்னிக்கு வீட்டுக்குத் திரும்பிப் போகணும். கைய மறைச்சுக்கிட்டு வந்து நிப்போம். மேஸ்திரிக்கும் தெரியும். தெரிஞ்சே ஏத்துவான். எங்களுக்கும் அதான் வேணும்."

"இப்பதான் கோமாளி ஆக்காதன்னு சண்ட போட்ட."

"ஆமா. அதுக்காகப் பொய்யும் போடாத."

கண்ணாடிக்காரன் எட்டிப் பார்த்தான். "அப்ப காயத்த எடுத்துட்டா சுமை ஒண்ணுதான்க்கா மிச்சம். அதுக்கு என் 'இருக்கா'வே போதும். நீங்க புதுசா எழுதினது வேஸ்ட்டு."

"வாய மூடு கண்ணாடி."

காயத்தை எடுத்தாள். எடுத்த பிறகும் விரல் அந்த இடத்திலேயே நின்றது. அண்ணனின் இடது கால் அப்படிப் போனது இதே மாதிரி ஒரு நாளில்தான். வீங்கிய முழங்காலோடு பதினொரு நாள் சுமந்தான். அன்றைக்கு மேஸ்திரி மறுத்திருந்தால் கால் நேராக இருந்திருக்கும். மறுத்தானே என்று அண்ணன் சண்டை போட்டிருப்பதும் அந்த மேஸ்திரியோடுதான். இதை அவனிடம் இங்கே சொல்ல முடியாது.

"சரி, ஏத்துறான். ஆனா காயம் உள்ளவன் மத்தவன் மாதிரி நடக்கமாட்டான். அதையாவது வெக்கிறேன்" என்றாள். காயம் சுவிட்சு போட்டிருந்தால் நடையின் வேகம் பாதி என்று ஒரு வரி சேர்த்தாள்.

ஓடவிட்டாள். ஆளுக்கொரு மூட்டை. மேஸ்திரி காலியாக வருகிறவனைக் கூப்பிட்டான், சுமப்பவனை விட்டான். இரண்டாவது சுற்றில் நான்காவதாக வந்தவனுக்குக் காயம். எண் ஆறு, தாகமும் சேர்த்து. மூட்டையை வாங்கிக்கொண்டு மற்றவர்களுக்குப் பின்தங்கி நடந்தான்.

"இன்னும் மெதுவா" என்றான் அண்ணன்.

வேகத்தைக் குறைத்தாள்.

"இன்னும்."

"அண்ணே, மணி நாலு."

"இன்னும் கொஞ்சம். கால ஊன்றதுக்கு முன்னாடி ஒரு தடவ யோசிப்பான்."

குறைத்தாள். முதலாளி வந்து குனிந்து பார்த்தார். காயம்பட்டவன் பாதி வழியில் இருந்தான். அவனுக்குப் பின்னால் வந்தவர்கள் சுற்றிக்கொண்டு முன்னால் போனார்கள்.

"இப்படிப் போனா ஒரு லாரி இறக்கவே சாயங்காலம் ஆயிடுமேம்மா. எவன் உக்காந்து விளையாடுவான்?"

"ஆகும்" என்றான் அண்ணன், அவளுக்கு முந்தி.

அவள் இரண்டு பேரையும் பார்க்கவில்லை. சேமித்துவிட்டு, அனுப்புவதற்கான கோப்பைக் கட்டத் தொடங்கினாள். திரையில் பச்சைக்கோடு ஒன்று நகர ஆரம்பித்தது. அதுவும் மெதுவாகத்தான் நகர்ந்தது.